தேத்தண்ணி குடிக்காத சீனா டீச்சர்

பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில், கழுத்தில் மாலையோடு, பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்துவிட்டு மைக்கைப் பிடித்துப் பொய் சொன்னீர்கள். "இங்கு சேவையாற்றிய வரலாற்று ஆசிரியை தமது சொந்த விருப்பத்தின் பேரிலேயே இடமாற்றம் பெற்றுச் சென்றார்" என்றீர்கள். முன்வரிசை திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தது. பின்வரிசை கை தட்டியது. நான் கேட்டுக்கு வெளியே என் த்ரீவீலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டீச்சரைக் காலையில் டவுனிலிருந்து ஏற்றி வந்து, பின்னேரம் கொண்டுபோய் விட்டவன் நான்தான். கடைசியாக பஸ்ஸுக்கு ஏற்றி விட்டவனும் நான்தான். அவர் விரும்பிப் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

டீச்சரின் பெயரைப் போடவில்லை. அவர் இன்னும் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார். பெயரைப் போட்டால் அடுத்து எங்கே தூக்கி எறிவீர்களோ. எங்கள் டயகமத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பெயர் தேவையும் இல்லை. சீனா டீச்சர் என்றால் கைப்பிள்ளைக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர். கட்டையான உருவம், பெரிய குடை, கையில் சுடுதண்ணிப் போத்தல். கல்யாணம் ஆகவில்லை. யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். என் வண்டியில் பாட்டுப் போட்டால், "தம்பி, உதை நிப்பாட்டும், எனக்குத் தலை இடிக்குது" என்பார். பாட்டை நிறுத்தினால் அவர் பேச ஆரம்பிப்பார். அது பாட்டை விட நீளம்.

எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கான்டனில் போய் நிற்கும். மழை வந்தால் கான்டன். அரிசி விலை ஏறினால் கான்டன். ஆரம்பத்தில் கான்டன் என்பது வவுனியாப் பக்கம் இவருக்குக் காணித் தகராறு உள்ள ஊர் என்று நினைத்தேன். அது சீனாவில் உள்ள துறைமுகம் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

இவர் தேத்தண்ணி குடிக்க மாட்டார். தேயிலை மலையில் வந்து இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்காத ஒரு மனுஷியை நான் வேறு பார்த்ததில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு யார் வந்தாலும் முதலில் கொடுப்பது பிளேன் டீதான். வேறு கொடுக்க ஒன்றும் இருக்காது. அதையும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த டீச்சர் என்றால் எங்கள் ஆட்கள் எடுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

ஒரு நாள் பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி என் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா கோப்பையை நீட்டினாள். டீச்சர் கையை ஆட்டினார். அக்காவுக்கு வாய் நீளம். நேராகவே கேட்டாள்.

"எங்க கோப்பையில குடிச்சா ஒங்க யாழ்ப்பாணத்துச் சாதி செத்துப் போயிருமாங்க டீச்சர்?"

நான் வாசலில் நின்று செருப்பைப் பார்த்தேன். டீச்சர் கோபப்படவில்லை. கோப்பையை வாங்கி, தேத்தண்ணியை அக்கா புருஷனிடம் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். அவர் குடித்து முடித்ததும் அதே கோப்பையைக் கழுவாமல் வாங்கினார். "இப்ப இதுக்குள்ள சுடுதண்ணி ஊத்தும் பிள்ளை" என்றார். குடித்தார். தட்டில் இருந்த ரொட்டியையும் கேட்காமலே பிய்த்துச் சாப்பிட்டார். பிறகு பலகைக் கட்டையில் உட்கார்ந்து கான்டனைத் தொடங்கினார்.

"வெள்ளைக்காரனுக்குத் தேத்தண்ணி இல்லாமல் விடியாது பிள்ளை. தேயிலை சீனனிட்ட மட்டும்தான் இருந்தது. சீனனுக்கு வெள்ளைக்காரன்ர சாமான் ஒண்டும் வேண்டாம், வெள்ளியைத் தா எண்டவன். எவ்வளவுக்குத்தான் வெள்ளி குடுக்கிறது? அப்ப வெள்ளைக்காரன் இந்தியாவில அபினைச் செய்விச்சு, சீனாவுக்குக் களவாய்க் கொண்டுபோய் வித்தான். சீனன் அபினைக் குடிச்சான், வெள்ளைக்காரன் தேத்தண்ணியைக் குடிச்சான்."

"அப்புறம்?"

"பிறகென்ன, வெள்ளி எல்லாம் வெளியால போயிட்டுது. சீனன் பாயில கிடந்தான். பட்டாளத்துக்காரனும் கிடந்தான், அரசாங்க உத்தியோகத்தனும் கிடந்தான். வீட்டுச் சாமானை வித்தாங்கள், காணியை வித்தாங்கள், பிள்ளையளை வித்தவங்களும் இருந்தவங்கள்."

"சீனாவுலயும் எங்க வூட்டு ஆளு மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க" என்றாள் அக்கா. மூலையில் இருந்த மச்சான் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"பிறகு தேயிலைக் கண்டையும் களவெடுத்து இந்தியாவில நட்டு, இஞ்சயும் நட்டு, கொழுந்து பிடுங்க உங்கட ஆக்களைக் கொண்டு வந்தவை. அதுதான் எனக்குத் தேத்தண்ணி தொண்டைக்குள்ள இறங்குதில்லை."

"அதுக்குன்னு நாங்க பறிக்காம இருந்தா என்னாத்தத் திங்கிறது?"

"பறியுங்கோ. நான் குடிக்க மாட்டன், அவ்வளவுதான்."

அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அக்காவும் டீச்சரும் கூட்டு. டீச்சர் வந்தால் அக்கா சுடுதண்ணியை ஊற்றி, "இந்தாங்க, சீனாவுக்கு அனுதாபம்" என்று நீட்டுவாள்.

மச்சானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். தேயிலை பெக்டரியில் வேலை. ஒரு காலத்தில் குடித்துவிட்டு வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் வாசலுக்கு எறிந்தவர். பிறகு விட்டார். சாமியாலும் இல்லை, டாக்டராலும் இல்லை. பார் இருந்தது டவுனில். வேலை முடிகிற நேரத்தில் பஸ் இல்லை. அதனால் விட்டார். எங்கள் மலையில் பாதிப் பேர் இப்படித்தான் திருந்தினார்கள். பஸ் ஓடாததற்கு நாங்கள் அரசாங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பெயர் கெட்டுத்தான் இருந்தது. பொலன்னறுவைக் குளங்களைப் படிப்பிக்கச் சொன்னால், குளத்தில் தொடங்கிக் கடலுக்குப் போய், கடலில் அபின் கப்பலைப் பிடித்துவிடுவார். பள்ளி அதிபர் என் வண்டியை மறித்து, "தம்பி, டீச்சரைக் கொண்டு வர்றப்ப வழியிலயே கான்டனை முடிச்சிட்டுக் கூட்டிட்டு வாப்பா. வகுப்புக்குக் குளத்தோட வரட்டும்" என்று கெஞ்சினார். சாவு வீட்டிலும் டீச்சர் விட மாட்டார். கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தைக் குடித்துச் செத்த ஒருவரின் எட்டாம் நாள் காரியத்துக்கு வந்து, செத்தவரின் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அபினைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு எனக்கே கோபம் வந்தது. அந்தத் தாய் மட்டும் கடைசி வரை கேட்டார். "அப்ப எம்மவன் மேல மட்டும் தப்பில்லையா டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் தன் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து அந்தத் தாய்க்கு ஊற்றிக் கொடுத்தார்.

இன்னொரு நாள், பாதை வேலை பார்க்கிற ஒரு சீனாக்காரர் ஜீப்பை நிறுத்திக் கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் ஓடும் வண்டியில் இருந்து குதிக்காத குறை. போய் அவரிடம் இங்கிலீஷில் அபினைப் பற்றிக் கேட்டார். அந்த மனுஷன் வெளுத்துப் போனார். தன்னிடம் போதைத் தூள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி "நோ, நோ" என்று ஜீப்புக்குப் பின்வாங்கினார். கடைக்கார நானா சிரித்துச் சிரித்து மிட்டாய்ப் போத்தலைக் கவிழ்த்துவிட்டார். கடைசியில் சீனாக்காரரின் போன் சீன மொழியை இங்கிலீஷ் ஆக்கிப் பேசியது. விஷயம் புரிந்ததும் மனுஷன் கையை இறக்கினார். தங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரியும், அந்தக் காலத்தைத் தங்களுக்கு நேர்ந்த அவமானம் என்றுதான் இன்னும் படிப்பிக்கிறார்கள் என்று போன் சொன்னது. பிறகு மனுஷன் டீச்சரை நோக்கித் தலை குனிந்தார்.

வண்டியில் ஏறியதும் டீச்சர், "பாத்தீரே தம்பி, நான் விசரி இல்லை, மூளை சரியாய்த்தான் இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப அவங்கள் ஊர் ஊராய்க் கடன் குடுத்து றோட்டுப் போடுறாங்கள். வெள்ளைக்காரனிட்டை வாங்கின அடியில நல்லாய்த்தான் படிச்சிருக்கிறாங்கள்" என்றார். அவருக்கு யாரையும் முழுதாகப் பிடிக்காது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், உறுப்பினர் அவர்களே.

கினிகத்தேனைப் பக்கத்து முதலாளி ஒருவரை நீங்கள் கூட்டி வந்தீர்கள். பள்ளிக்கூட வளைவில் பார் திறக்கப் போகிறார் என்றீர்கள். பார் என்று சொல்லவில்லை, அபிவிருத்தி என்றீர்கள். குடிக்கிறவன் எங்கேயும் குடிப்பான், நல்ல சரக்கு இல்லாவிட்டால் கசிப்புக் குடித்துச் சாவான் என்றீர்கள். வியாபாரம் செய்ய எவருக்கும் உரிமை உண்டு என்றீர்கள். நாம் இடம் கொடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும் என்று, ஏதோ ஆஸ்பத்திரி போய்விடுவது போலப் பயம் காட்டினீர்கள்.

டீச்சர் வண்டிக்குள் இருந்தபடி உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "உதேதான் தம்பி. லண்டனிலயும் உதையேதான் சொன்னவை. நாங்கள் விக்காட்டி வேற ஆரும் விப்பினம் எண்டு. வியாபாரச் சுதந்திரம் எண்டு."

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார் வைக்கச் சட்டம் விடாது. அதற்கு அளக்க ஆட்கள் வந்தார்கள். எப்படி அளந்தார்கள்? பள்ளிக்கூடக் கேட்டில் நாடாவைப் பிடித்து, பெக்டரியைச் சுற்றி, மேல் டிவிஷன் பாதையில் ஏறி இறங்கி வளைவுக்கு வந்தார்கள். அப்படி அளந்தால் பள்ளிக்கூடத்துக்கும் அதன் கக்கூஸுக்குமே தூரம் போதும். விளையாட்டுத் திடலில் இருந்து பிள்ளைகள் பந்தை எறிந்தால் பாரின் கூரையில் விழும். இப்போது விழுகிறது.

ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று ஒரு விசாரணைக் கூட்டம் வைப்பதாக அறிவித்தார்கள். அக்கா கொழுந்துக்குப் போகும் பெண்களை எல்லாம் பேசி வைத்திருந்தாள். "வூட்டு வாசல்ல பார் வந்தா எங்க ஆளு திரும்பவும் பாத்திரத்த எறிவாரு. இந்தத் தடவ எறியப் பாத்திரமும் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே சேர்த்தாள். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் திருவிழா வந்தது.

முதலாளி மாரியம்மன் கோயில் தேருக்கு மின்விளக்கு எல்லாம் போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு முதல் மாலை போட்டு, தலையில் பரிவட்டத் துணி கட்டுவோம். துரைகள் போய்விட்டார்கள், துணி மட்டும் போகவில்லை. யாருக்காவது கட்ட வேண்டும் என்று கை அரிக்கிறது. முதலாளிக்கும் உங்களுக்கும் கட்டுவது என்று கோயில் கூட்டத்தில் முடிவு செய்தார்கள்.

டீச்சர் கூப்பிடாமலே அந்தக் கூட்டத்துக்கு வந்தார். "கட்டாதேங்கோ" என்றார்.

கோயில் தலைவர் பொறுமையாக விளக்கினார். "டீச்சர், ஒங்களுக்கு எங்க பழக்கம் தெரியாது. ஆத்தா முன்னுக்குத் தலையில துணி கட்டிட்டா, அந்த ஆளு அப்புறம் ஊருக்குக் கெடுதல் செய்ய மாட்டாரு. நம்ம சொல்லத் தட்ட மாட்டாரு. நாங்க வெவரமாத்தான் கட்டுறோம்."

"சீன ராசாவும் வெவரமாத்தான் இருந்தவர் ஐயா. இங்கிலாந்தில இருந்து தூதன் பரிசு கொண்டு வரேக்க, கப்பம் கொண்டு வாறான் எண்டு கொடியில எழுதிப் பிடிச்சவை. வெள்ளைக்காரன் தனக்கு அடங்கிப் போனான் எண்டு நினைச்சவர். பேரப்பிள்ளை ராசாவாய் இருக்கேக்க பீரங்கிக் கப்பல் வந்தது."

"அது சீனா டீச்சர். இது மாரியம்மா."

துணி கட்டினார்கள். முதலாளி கும்பிட்டார். நீங்களும் கும்பிட்டீர்கள். உங்கள் படம் பேஸ்புக்கில் வந்தது.

கட்டிய பிறகுதான் எங்கள் ஆட்களுக்குத் தாங்கள் செய்த வேலை புரிந்தது. துணி முதலாளியைக் கட்டவில்லை, எங்கள் வாயைக் கட்டிவிட்டது. ஆத்தா முன்னால் மரியாதை செய்த ஆளை எதிர்த்து எப்படிப் பேசுவது? ஆத்தாவுக்குச் செய்த அவமரியாதை ஆகிவிடாதா? விசாரணைக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். வந்து தரையைப் பார்த்தார்கள். அக்கா எழுந்தாள். தலைவர் அவளைப் பார்த்து, "கட்டுன ஈரம் காயலியேம்மா" என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் ஒருவர்தான் நின்றார். அவருக்குப் பரிவட்டமும் இல்லை, தோட்டத்து வேலைப் பதிவில் பெயரும் இல்லை.

"டீச்சர், இது வரலாற்றுப் பாடம் இல்லீங்க" என்று நீங்கள் முதலிலேயே சிரித்தீர்கள்.

"சீனாவில ஒரு அதிகாரி இருந்தவர்" என்று அவர் தொடங்கினார். கூட்டம் முனகியது. "இங்கிலாந்து ராணிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினவர். உங்கட நாட்டில அபின் குடிக்கக் கூடாது எண்டு வைச்சிருக்கிறியளாம், பிறகு ஏன் எங்கட சனத்துக்கு அனுப்புறியள் எண்டு. அந்தக் கேள்வியைத்தான் நானும் கேக்கிறன். உங்கட மகள் நுவரெலியாவில படிக்கிறா. அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு முன்னால தவறணை திறக்க விடுவியளோ?"

"ராணி என்னா பதில் சொன்னாங்க டீச்சர்?"

"பதில் வரேல்லை."

"அப்ப நானும் ராணி மாதிரியே இருந்துட்டுப் போறேன்" என்றீர்கள். சபை சிரித்தது. டீச்சருக்குச் சீனாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னீர்கள். அதற்கும் சிரித்தது. அதிகாரிகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தவணைக்கு முன்னால் டீச்சருக்கு இடமாற்றம் வந்தது. மாத்தளைக்கும் அப்பால், மிளகும் யானையும் உள்ள ஒரு ஊர். "சேவையின் தேவை கருதி" என்று இருந்ததாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை. தேவை எப்படிக் கருதினார்களோ.

ஹட்டன் வரைக்கும் என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். கட்டிக்கொண்டிருந்த பாரைக் கடக்கும்போது நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்தச் சீன அதிகாரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். பிடித்த அபினை எல்லாம் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டாராம். விடும் முன்னால், அழுக்காக்குவதற்காகக் கடல் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு, மீன் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னாராம்.

"மீனிட்ட மன்னிப்புக் கேட்ட உத்தியோகத்தர், தம்பி."

"நம்ம ஊருல மனுசன்கிட்டயே கேக்க மாட்டாங்க டீச்சர். அவர அப்புறம் என்னா செஞ்சாங்க?"

"சண்டையில தோக்கத் தொடங்கின உடனே, எல்லாம் இவராலதான் வந்தது எண்டு ராசா அவரைத் தூக்கி பாலைவனப் பக்கம் அனுப்பினவர். ஹொங்கொங்கைக் குடுத்து, கரைச்ச அபினுக்கு நட்டஈடும் குடுத்தவை. பிறகு இன்னொரு சண்டை. அதோட அபினைச் சட்டப்படி வித்தவை. கடைசியில சீனனே தன்ர வயலில போடத் தொடங்கிட்டான்." கொஞ்சம் சிரித்தார். "எனக்குப் பாலைவனம் இல்லை. மாத்தளை. நான் குடுத்து வைச்சனான்."

பஸ்ஸில் ஏறும்போது அவர் கண் கலங்கியிருந்தது. விருப்பத்தின் பேரில் போகிறவருக்குக் கண் கலங்காது, உறுப்பினர் அவர்களே. "அக்காவைப் பாரும் தம்பி" என்றார்.

அக்காவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெக்டரி விடுகிற நேரத்துக்குத் மழைக்குத் தலையில் றப்பர் சீட்டைப் போர்த்திக்கொண்டு பார் வளைவில் வந்து நிற்கிறாள். மச்சான் உள்ளே போகும் முன் பிடித்தால் அன்றைக்குச் சோறு. பிந்திப் பிடித்தால் சண்டை. பள்ளி விட்டு வரும் அவள் மகள் எதிர்ப் பக்கத்தில், தெரியாத ஆள் மாதிரி நடந்து போகிறாள். மச்சானுக்கு இப்போது பஸ் தேவையில்லை. நீங்கள் செய்த அபிவிருத்தி அது.

போன கிழமை இந்த வருடத் திருவிழாவுக்குக் கோயில் கூட்டம் நடந்தது. பரிவட்டம் யாருக்கு என்ற பேச்சு வந்ததும் அக்கா எழுந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"தலைவரே, தலையில துணி கட்டுனவரு ஊரு சொல்லத் தட்ட மாட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க? கட்டியிருக்குல்ல? கேப்போம். பதில் சொல்லட்டும். அப்புறம் இந்த வருசத்துத் துணியக் கட்டுங்க."

தலைவர் தலையைச் சொறிந்தார். எங்கள் ஊரில் அது சம்மதம்.

எனவே தேர் அன்றைக்கு வாருங்கள். மாலை இருக்கும், மைக் இருக்கும், துணி தட்டில் இருக்கும். உங்கள் மகள் படிக்கும் பள்ளிக்கூட வாசலில் இந்தப் பாரைத் திறக்க விடுவீர்களா? டீச்சரின் இடமாற்றத்தைக் கேட்டது யார்? இரண்டுக்கும் மாரியம்மன் முன்னால், எங்கள் பிள்ளைகள் முன்னால், மைக்கில் பதில் சொல்லுங்கள். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. பேஸ்புக்கில் போடக் கூடாது. ராணி பதில் சொல்லவில்லை என்று சிரித்தீர்கள். ராணி எங்கள் ஓட்டில் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள். சொல்லுங்கள்.